முற்றுகைக் காலத்துப் பொறிகள்



அண்மையில் எம் பாடசாலை மாணவரிடம் துருப்பிடித்த சைக்கிள் டைனமோ ஒன்றைக் காட்டினேன். அஃது என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அரசர்க்கும் கோட்டைகளுக்கும் மட்டுமன்றி, இத்தகைய சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டிச் சேவை நின்றது. குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினாற் பெற்றோலும் மின்கலங்களும் கிடைத்தற்கரியன ஆயின. மண்ணெண்ணெய்கூடப் பெருவிலைக்கே கிடைத்தது.

அவ்வேளையிற் கைகொடுத்தவை, பழையன என்று ஒதுக்கப்பட்ட பொருள்களே. இங்கிலாந்திலிருந்து முன்னாளில் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடலாயின. காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர்.

பழைய கார்களையே நாடியது ஏன்? மிகுந்த அழுத்தத்துக்கு உட்பட்டால் மண்ணெண்ணெய் தானாகவே வெடித்து எஞ்சினைத் தாக்கும். ஒஸ்ரின் ஏ-40இன் எஞ்சினோ எரிகலவையை ஏறக்குறைய 7இல் ஒரு பங்காக மட்டுமே ஒடுக்குவது. ஆதலின் அது தாழ்ந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டது. குறையென்று கருதப்பட்டதே குணமாயிற்று. எனினும் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும், கரியும் படியும். உதிரிப்பாகங்கள் வாராத அக்காலத்தில், ஓடாத காரின் உறுப்பே ஓடும் காரைக் காத்தது.

வானொலி கேட்பதற்கும் வழி கண்டனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றினால், விளக்குக்கென அமைந்த டைனமோ 6 வோல்ட் மின்சாரம் தரும். நான்கு மின்கலங்கள் சேர்ந்து தருவதும் அவ்வளவே. ஆயின் டைனமோவின் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாய்வது; வானொலிக்கு ஒரு திசையோட்டமே வேண்டும். டயோட்டு என்னும் சிற்றுறுப்பு அதனைச் சீராக்கிற்று. இளைஞனாயிருந்த நானும் சுழற்றியவர்களுள் ஒருவன். கை ஓய்ந்தாற் செய்தியும் ஓய்ந்துவிடும். சூழ்ந்திருந்த பெரியவர்கள், "விடாதை தம்பி, சுத்து" என்பார்கள்.

இல்லாமையைப் போற்றுவது என் கருத்தன்று. மருந்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் மக்கள் பட்ட துன்பத்தை எந்தத் திறமையும் ஈடுசெய்யாது. ஆயினும் ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவனே அதற்கு வேறொரு பயனையும் காண வல்லவன் என்பதை அக்காலம் காட்டிற்று.

2002ஆம் ஆண்டு ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் எரிபொருளும் புதிய வாகனங்களும் வந்தன. மண்ணெண்ணெய்க் கார்கள் ஓய்வு பெற்றன. அவற்றை ஓடவைத்த கைவினைஞரோ இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்தம் அறிவு ஏட்டில் ஏறாமற் கைகளிலேயே தங்கியுள்ளது.

உங்கள் ஊரில் அத்தகையோர் இருப்பின், அவர்கள் அருகிருந்து கேட்டு எழுதிவையுங்கள். அந்தக் கைகளோடு அவ்வறிவும் மறைந்துவிடலாகாது.