செஞ்சிக் காய்ச்சலும் கொசு ஒழிப்பு முறைகளும்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை, இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. முகலாயப் படை இதைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்தது. ஆனால் கோட்டைக்குள் இருந்தவர்களை மதில்களால் காய்ச்சலிலிருந்து காக்க முடியவில்லை.

கோட்டையும் காய்ச்சலும்

1750இல் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சியைக் கைப்பற்றியது. 1761இல் அது ஆங்கிலேயர் வசமானது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஒரே நேரத்தில் 100 ஐரோப்பிய வீரர்களுக்கு மேல் அங்கு இருந்ததில்லை. ஆயினும் 1,200 பேர் இறந்தனர் என்று கூறப்படுகிறது. கர்நாடகப் பகுதியிலேயே உடல்நலத்துக்கு மிகவும் ஒவ்வாத இடம் என்று செஞ்சி பெயர் பெற்றிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிர்வாகத் தலைமையிடம் ஆற்காட்டுக்கு மாறியதற்கும் இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அக்காலத்தில் காய்ச்சல் என்ற ஒரே சொல்லில் பல நோய்கள் அடங்கின. எனவே எல்லா இறப்புகளையும் மலேரியாவின் கணக்கில் சேர்ப்பது பொருந்தாது. கெட்ட காற்றும் கெட்ட நீருமே காரணம் என அன்று நம்பினர். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லின் பொருளும் கெட்ட காற்று என்பதே. காரணம் தெரியாததால் தடுக்கும் வழியும் தெரியவில்லை.

காரணம் தெரிந்த பின்

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதன்பின் கொசுவை ஒழிப்பதே நோய்த் தடுப்பின் வழியாயிற்று.

1953இல் இந்தியாவில் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடியாக மதிப்பிடப்பட்ட நோயாளர் எண்ணிக்கை 1965இல் ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. பின்னர் கொசுக்கள் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றன; கண்காணிப்பும் தளர்ந்தது. 1976இல் நோயாளர் எண்ணிக்கை 64 லட்சத்தை எட்டியது.

புதுச்சேரியில் 1975இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1980களில் அந்நகரின் யானைக்கால் நோய் பரப்பும் கொசுக்களைக் கட்டுப்படுத்த, மருந்தை மட்டும் நம்பாமல் தேங்கும் நீரை அகற்றுவது உள்ளிட்ட பல முறைகளை இணைத்துச் செயல்பட்டது.

எது பயன் தரும்?

மீயொலியால் கொசுவை விரட்டும் என விற்கப்படும் கருவிகள் பயனற்றவை. 10 கள ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான மதிப்பாய்வில், அக்கருவிகளால் கொசுக்கடி குறையவில்லை எனத் தெரிந்தது. கொசுவர்த்தியும் மின்சாரத் திரவக் கருவியும் மூடிய அறையில் ஓரளவு பயன் தரும். காற்றோட்டமான இடத்தில் பயன் குறையும். 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்ட டீட், தோலில் பூசினால் சில மணி நேரம் காக்கும். மருந்திட்ட கொசுவலை இரவில் கடிக்கும் அனோபிலிசுக்கு ஏற்றது. டெங்கு பரப்பும் ஏடிசு பகலில் கடிப்பதால், இரவில் மட்டும் கட்டும் வலை அதற்குப் போதாது.

முட்டை கொசுவாக வளரச் சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே தொட்டி, குடம், பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவினால் கொசு பிறக்கும் முன்பே ஒழியும். செஞ்சியில் அன்றிருந்த வீரர்களுக்கு இந்தச் செய்தி தெரியாது. இன்று இதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை; வாரந்தோறும் மறவாமல் செய்வதே தேவை.