ஆசிரியர் மேசையிலிருந்து பதிப்பகத் தலைமைக்கு: என். வி. கிருஷ்ண வாரியர்

1968இல் திருவனந்தபுரத்தில் கேரள பாஷா இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர், பத்திரிகையாளர் என். வி. கிருஷ்ண வாரியர் (1916–1989). பல்கலைக்கழக நிலைப் பாடநூல்களை மலையாளத்தில் உருவாக்குவதே அந்நிறுவனத்தின் நோக்கம். இப்பணிக்கு ஒரு வார இதழாசிரியர் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

திருச்சூர்ப் பகுதியில் பிறந்த வாரியர், 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது தலைமறைவாக இருந்து 'சுதந்திர பாரதம்' என்னும் இரகசிய ஏட்டை நடத்தினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மலையாள யாப்பியலை ஆராய்ந்தார். 1950களின் தொடக்கம் முதல் கோழிக்கோட்டில் மாத்ருபூமி வார இதழின் பொறுப்பை ஏற்று, கதை, கவிதையோடு அறிவியல், சமூகவியல் கட்டுரைகளுக்கும் அதில் இடமளித்தார். அவரிடம் துணையாசிரியராக இருந்த எம். டி. வாசுதேவன் நாயரே, 1968இல் அவருக்குப்பின் அவ்விதழின் ஆசிரியரானார்.

துறையறிஞரை எழுதவைத்தல், அவரது நடையைச் செப்பனிடுதல், கலைச்சொல் வாசகருக்கு விளங்குமா எனச் சோதித்தல் ஆகியவை இதழாசிரியரின் அன்றாட வேலைகள். பாடநூல் பதிப்புக்கும் இவையே அடிப்படை. பல துறைகளை அறிந்து, பாமர வாசகரையும் அறிந்த ஒருவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டதன் பொருத்தம் இதுவே எனலாம். 1975 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். மலையாள எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் (1971) இக்காலத்திலேயே.

எனினும் இரு பணிகளுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. வார இதழின் வாசகரை ஆசிரியரே தேடிக்கொள்கிறார். பாடநூலின் வாசகரைப் பல்கலைக்கழகமே உருவாக்க வேண்டும். நூல்கள் அச்சேறின, கேரளக் கல்லூரிகளில் அறிவியல் பாடங்களின் பயிற்றுமொழியோ ஆங்கிலமாகவே நீடித்தது. மத்திய அரசின் அதே திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட கல்லூரி நூல்களுள் பலவும் இன்று பழைய நூலகங்களில்தான் காணக்கிடைக்கின்றன.

ஆகவே, 'தாய்மொழியில் உயர்கல்வி நூல்கள் இல்லை' என்னும் வாதம் முழுமையானதன்று. நூல்கள் எழுதப்பட்டன, அவற்றைப் படிக்கவேண்டிய வகுப்பறைதான் அமையவில்லை. வாரியர் மீண்டும் மாத்ருபூமிக்கே திரும்பி அதன் தலைமை ஆசிரியரானார். அவர் உருவாக்கிய நிறுவனம் திருவனந்தபுரத்தில் இன்றும் நூல்களை வெளியிட்டு வருகிறது. பயிற்றுமொழி வரலாற்றை ஆராய்வோர், அரசாணைகளோடு இத்தகைய பதிப்பாசிரியர்களின் பணியையும் சேர்த்தே பயிலவேண்டும்.