சலங்கை கட்டிய மாணவர்கள்

பதின்ம வயதினருக்காகக் கூத்தைக் குறுக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விடியவிடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலேயே சுருக்கிவிட்டார். பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். இழப்பு இல்லாமலில்லை. வட்டக்களரியைச் சூழ ஊரே விழித்திருந்த அந்த இரவு, படச்சட்ட மேடைக்குள் அடங்கவில்லை. எனக்கு அது இன்றும் உறுத்தலே.

ஆனால், இளைஞரை அவர் வெறும் பார்வையாளராக அழைக்கவில்லை. சலங்கை கட்டி ஆடவைத்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, அதே கூத்தைத் தம் மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். நீளத்தைக் குறைத்ததைப் பற்றியே நாம் பேசுகிறோம். ஆடப் பழக்கியதைப் பேசுவதில்லை.

ஆசிரிய கலாசாலையில் நானும் சில நாள் தாளக்கட்டுப் பழகினேன். கால் வலித்ததுதான் மிச்சம். ஆயினும், அதன் பிறகு எந்தக் கூத்திலும் இடையில் எழும்பி வந்ததில்லை.