நாடாவில் ஒட்டிய சாதி: பம்பாய் ஆலைகளும் கைகழுவிய நிர்வாகமும்

"கம்பெனியில் யாரும் சாதி பார்ப்பதில்லை, திறமையைத்தான் பார்க்கிறார்கள்." பயிற்சி வகுப்புகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவர்களில் பலர் நம் மாணவர்களேதான். கணினி, அடையாள அட்டை, எச்.ஆர். பிரிவு, அச்சடித்த விதிகள் எல்லாம் வந்துவிட்ட இடத்தில் சாதி எப்படி நுழையும் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் புதியது அல்ல.

1853இல் கார்ல் மார்க்ஸ் இந்தியாவைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில், ரயில்பாதையும் அதன் பின்னே வரும் நவீனத் தொழிலும் சாதிக்கு அடித்தளமாக இருக்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். அடுத்த ஆண்டே, 1854இல், பம்பாயில் கவாஸ்ஜி நானாபாய் தாவர் முதல் பஞ்சாலைக் கம்பெனியைத் தொடங்கினார். கரைந்ததா என்று பார்க்கப் பம்பாய் ஆலைகளை விடச் சிறந்த இடம் கிடையாது.

கிராமத்தில் கிணற்றடிக்கே வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட மகர் மக்கள் பம்பாய்க்கு வந்து ஆலை வாசலுக்குள் நுழைந்தார்கள். இது சிறிய மாற்றம் அல்ல. மாதக் கூலி கிடைத்தது, சங்கம் சேர முடிந்தது. ஆனால் உள்ளே போனபின் எந்தப் பிரிவுக்குப் போக முடியும் என்பதில் ஒரு கதவு சாத்தியே இருந்தது. நூற்பில் வேலை உண்டு. துப்புரவு வேலை உண்டு. கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் மட்டும் இடமில்லை.

காரணம் ஒரு சிறிய கருவி. தறியில் ஊடைநூலைச் சுமந்துகொண்டு அங்குமிங்கும் ஓடுவது நாடா. அதற்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட்டு, நூல் முனையை நாடாவின் சிறு துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். அந்தக் காலத்து நாடாவில் இதைச் செய்யும் வழி, துளையில் வாய் வைத்து உறிஞ்சுவதுதான். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க நேரும். தீண்டத்தகாதவர் எச்சில் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். அவ்வளவுதான், ஒரு பிரிவு முழுவதும் அடைபட்டது.

இதே நாடா இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்தது. அங்கேயும் எச்சில் பிரச்சினைதான், ஆனால் அங்கே அதை நோய் பரவும் வழியாகப் பார்த்தார்கள். வாயால் உறிஞ்சும் நாடாவை மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. உறிஞ்சத் தேவையில்லாமல் தானாக நூல் கோத்துக்கொள்ளும் நார்த்ராப் தறி 1890களிலேயே அங்கே விற்பனைக்கு வந்திருந்தது. அதாவது ஒரே எச்சிலுக்கு இரண்டு தீர்வுகள். ஒரு நாட்டில் கருவியை மாற்றினார்கள். இங்கே ஆளை வெளியே நிறுத்தினார்கள். தொழில்நுட்பம் தானாக எதையும் கரைப்பதில்லை. எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுப்பவர்கள் மனிதர்கள்.

யார் அந்த மனிதர்கள்? இங்கேதான் நிர்வாகம் என்ற விஷயம் வருகிறது. நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர் கூடாது என்று ஆலை முதலாளி ஆணை போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆள் எடுப்பது, வேலை வாங்குவது, நீக்குவது எல்லாம் ஜாபர் கையில் இருந்தன. நம் ஊர் ஆலைகளில் மேஸ்திரி என்பார்களே, அவர்தான். தன் ஊர்க்காரர், உறவுக்காரர், சாதிக்காரர் என்று தெரிந்தவர்களை அவர் கூட்டிவந்தார். வேலை கொடுக்கக் கையூட்டும் வாங்கினார். மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு நூல் வந்ததா, துணி வந்ததா என்பதுதான் கணக்கு. சாதி பார்த்தது கீழே. லாபம் சேர்ந்தது மேலே. கேட்டால், அது தொழிலாளர்களின் வழக்கம் என்று கைகழுவலாம்.

1928 ஏப்ரலில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், ஆறு மாத காலம். ஒருவர் பார்க்க வேண்டிய இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டி ஆட்களைக் குறைக்கும் 'ரேஷனலைசேஷன்' என்ற புதிய நிர்வாக முறைதான் முக்கியக் காரணம். தொழிலாளர் தரப்புக் கோரிக்கைப் பட்டியலில் எல்லாம் இருந்தன. நெசவுப் பிரிவின் சாத்திய கதவு மட்டும் இல்லை.

அம்பேத்கர் அதைக் கேட்டார். தீண்டத்தகாத தொழிலாளர்களுக்கு நெசவுப் பிரிவில் உரிமை வேண்டும் என்பதையும் சேருங்கள், இல்லாவிட்டால் எங்கள் மக்களை வேலைநிறுத்தத்திலிருந்து விலகி நிற்கச் சொல்வேன் என்றார். சங்கத் தலைவர்கள் அரைமனதோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கோரிக்கை மேசைக்கு வந்தபோது முதலாளிகள் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: இது அநியாயம் என்றால், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

அந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருந்தது என்பதுதான் நமக்கு உறைக்க வேண்டும். தடை போட்டது சக தொழிலாளி. அதை வசதியாக வைத்துக்கொண்டது நிர்வாகம். கண்டும் காணாமல் இருந்தது சங்கம். மூன்று பேருமே சாதி பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்த ஏற்பாடு அது. சாதி என்பது வேலைகளைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். அதற்குப் பின்னால் நெசவுப் பிரிவின் அனுபவமும் இருக்கிறது என்றே நாம் வாசிக்கிறோம்.

ஜாபர் முறையின் ஊழலை அரசும் பார்த்தது. விட்லி தலைமையிலான தொழிலாளர் ராயல் கமிஷன் 1931இல் தந்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பிடுங்கித் தொழிலாளர் அதிகாரி ஒருவரிடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. இன்றைய எச்.ஆர். அதிகாரியின் முன்னோடி என்று அவரைச் சொல்லலாம். அதிகாரியும் பதிவேடும் வந்தால் சாதி போய்விடுமா?

1938 பிப்ரவரியில் மன்மாடில் ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாடு நடந்தது. நம் தொழிலாளர்களுக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் உண்டு என்று அம்பேத்கர் பேசியது அங்கேதான். பலர் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே உரையில் அவர் வேலை வேலையாகக் கணக்கு வைத்திருக்கிறார். பம்பாயிலும் அகமதாபாதிலும் நெசவுப் பிரிவு இன்னும் மூடித்தான் இருக்கிறது என்கிறார். 1928க்குப் பின் பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

அடுத்து ரயில்வேக்கு வருகிறார். அது விதியும் பதிவேடும் உள்ள பெரிய அலுவலக அமைப்பு. அங்கும் நம் ஆட்கள் தண்டவாளப் பராமரிப்புக் கூலிகளாகவே கிடக்கிறார்கள். போர்ட்டராகக்கூட முடியாது. ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், தீண்டத்தகாதவரை வீட்டுக்குள் விடமாட்டார். எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஒரு வீட்டு வேலை, ஒரு அரசு வேலையின் தகுதியாகிவிட்டது. மார்க்ஸ் நம்பிய அதே ரயில்வேயில்.

நவீன அதிகார அமைப்பில் விதி ஆள் பார்க்காது என்று மாக்ஸ் வெபர் விளக்கியதைச் சமூகவியல் வகுப்பில் படிக்கிறோம். மன்மாட் உரையை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். விதி ஆள் பார்க்காமல் இருக்கலாம். விதி எங்கே முடிகிறதோ அங்கே சாதி தொடங்குகிறது. யாரைக் கூப்பிடுவது, யார் சொன்னால் எடுப்பது, யார் அருகில் உட்கார்வது என்பதெல்லாம் விதிக்கு வெளியே நடக்கின்றன.

இப்போதைய நிலைக்கு வருவோம். சுகதேவ் தோரட்டும் பால் ஆட்வெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே மாதிரித் தகுதி, பெயர் மட்டும் வேறு. நேர்காணல் போன்ற அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படுவதில், உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த சாதகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. அங்கே யாரும் யார் எச்சிலையும் தொடவில்லை. ஒரு காகிதத்தில் இருந்த பெயர் மட்டும்தான்.

ஆகவே, கம்பெனியில் சாதி இருக்கிறதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதை நிறுத்துவோம். அப்படிக் கேட்டால் இல்லை என்ற பதில் தயாராக இருக்கிறது. அம்பேத்கர் கேட்டது போலக் கேட்போம். எந்தப் பிரிவில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், எதில் இல்லை? எந்தப் பிரிவுக்குக் கூலி அதிகம்? ஆள் எடுப்பது எழுத்துத் தேர்வா, தெரிந்தவர் சிபாரிசா? துப்புரவும் காவலும் யார் ஒப்பந்தத்தில் நடக்கின்றன, அவர்கள் ஏன் கம்பெனிக் கணக்கில் வருவதில்லை? நாம் சேர்ந்திருக்கும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இது எழுதப்பட்டிருக்கிறதா?

கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள் தோழர்களே. 1928இல் நெசவுப் பிரிவு உடனே திறக்கவில்லை. ஆனால் அது எழுத்தில் ஏறிய நாளிலிருந்து, அப்படி ஒரு கதவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.