குவாரண்டைன்

தொற்றுநோய்க் காலத்தில் வெளியூரினின்று வந்தோரைச் சில நாட்கள் ஊருக்குப் புறத்தே நிறுத்திவைத்தலைக் குறிக்கும் இச்சொல், நாற்பது என்னும் எண்ணுக்கு இத்தாலியர் வழங்கும் 'குவாரந்தா' என்பதிலிருந்து, வெனிஸ் நகரத்தாரின் வழக்கு மூலமாகப் பிறந்தது. ஆயினும் ஆதியில் விதிக்கப்பட்டது நாற்பதன்று. 1377ஆம் ஆண்டில், இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரத்தின் மகாசபை, பிளேக் பரவிய பிரதேசங்களிலிருந்து வருவோர் மிர்க்கான் என்னும் சிறு தீவிலோ சவ்தத் என்னும் ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பின்னரே நகரப் பிரவேசம் செய்யலாமென்று சட்டம் இயற்றியது. சபை நியமித்தவரன்றி வேறெவரேனும் அவர்களுக்கு உணவு கொண்டு சென்றால், அவரும் அங்கேயே முப்பது நாள் இருக்க வேண்டியதுதான். கப்பல் வாணிகத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒரு நகரம், துறைமுகத்தை அடியோடு மூடிவிடாமலும், ஜனங்களின் உயிரை லாபத்துக்குப் பலியிடாமலும் கண்ட இந்த ஏற்பாடு பெரிதும் போற்றத்தக்கது.

பின்னர் அக்கெடு நாற்பது நாளாக நீட்டிக்கப்பட்டது. கூடுதலாகப் பத்து நாள் என்பது, சரக்கை இறக்க இயலாமல் காத்துக் கிடக்கும் வணிகனுக்குச் சிறிய நஷ்டமன்று. தீவிர வியாதிகள் நாற்பது நாளுக்குள் வெளிப்பட்டுவிடும் என்ற கிரேக்க வைத்தியக் கொள்கையையும், கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலத்தையும் இதற்குக் காரணமாக அறிஞர் காட்டுவர்.

காலப்போக்கில் எண் உதிர்ந்தது, சொல் நின்றது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்திவைக்கப்பட்டது சில நாட்களே. அதற்கும் பெயர் குவாரண்டைன்தான்.