அட்டை விளையாட்டு: பொட்டலத்தின் விலையும் பொழுதுபோக்கின் விலையும்

ஒரு பொட்டலம் ஆறு, ஏழு வெள்ளிதான். பள்ளி முடிந்து வரும் வழியில் பிள்ளை ஒன்று வாங்கி வந்தால் வீட்டில் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. தீபாவளி அங்பாவ் பணம் கைக்கு வந்ததும் ஒரு முழுப் பெட்டியே வாங்கத் தோன்றும். பெட்டிக்குள் பெரும்பாலும் 36 பொட்டலங்கள். அப்போதே தொகை 200 வெள்ளியைத் தாண்டிவிடும்.

இந்த வகை விளையாட்டைத் தொடங்கிவைத்தது, அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993ல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’. 1996ல் ஜப்பானில் போக்கிமான் அட்டைகளும் 1999ல் கொனாமி நிறுவனத்தின் ‘யூ-கி-ஓ!’ அட்டைகளும் வந்தன. மூன்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. பொட்டலத்தைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. செலவு கட்டுக்கடங்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். குறிப்பிட்ட ஓர் அரிய அட்டை 500 பொட்டலங்களுக்கு ஒன்று என்ற அளவில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி வாங்கினால் அது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 7 விழுக்காடு. 500 பொட்டலங்களையும் வாங்கினால் நிச்சயம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படியில்லை. அப்போதும் வாய்ப்பு 63 விழுக்காடுதான். ஏறக்குறைய 3,000 வெள்ளி செலவழித்த பிறகும் மூவரில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடுதான் நிற்பார். “இவ்வளவு வாங்கியாயிற்று, அடுத்ததில் வந்துவிடும்” என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. முன்பு பிரித்த பொட்டலங்களை அடுத்த பொட்டலம் அறியாது.

விளையாடுவதுதான் நோக்கம் என்றால், தேவையான அட்டைகளைக் கடையிலோ இணையச் சந்தையிலோ தனித்தனியாக வாங்குவதே மலிவு. போக்கிமானில் ஒருவரின் கட்டு 60 அட்டைகள் கொண்டது. அடிப்படை எனர்ஜி அட்டைகளைத் தவிர, ஒரே பெயருடைய அட்டை நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றும் உண்டு. ஒரே அட்டை சாதாரணப் பதிப்பாகவும் பளபளக்கும் சிறப்பு ஓவியப் பதிப்பாகவும் அச்சாகும். முன்னது சில வெள்ளிக்குக் கிடைக்கும்போது, பின்னது நூறு வெள்ளிக்கு மேல் விற்கலாம். ஆட்டத்தில் இரண்டுக்கும் ஒரே பலம். விளையாடுபவரின் செலவும் சேகரிப்பவரின் செலவும் பிரிவது இங்கேதான். பிள்ளை இவர்களில் எந்த வகை என்பதைப் பெற்றோர் முதலில் கேட்டறிவது நல்லது.

உடனே ஆடத் தயாரான கட்டுகளும் விற்பனைக்கு உண்டு. மேஜிக்கின் ‘கமாண்டர்’ ஆட்டத்துக்கான 100 அட்டைக் கட்டு ஏறத்தாழ 45 அமெரிக்க டாலர். நண்பர்களுடன் மாலைப்பொழுதைக் கழிக்க அது போதும். போட்டிகளில் வெல்ல நினைப்பவர்களுக்கு அது போதாது. மேஜிக்கின் ‘மாடர்ன்’ பிரிவில் ஒரு கட்டுக்கே பல நூறு வெள்ளி ஆகும்.

வாங்கிய கட்டு என்றைக்கும் செல்லுபடியாகும் என்றும் இல்லை. போக்கிமான் அட்டையின் அடியில் சிறிய எழுத்து ஒன்று இருக்கும். ‘ஸ்டாண்டர்ட்’ போட்டிகளிலிருந்து பழைய எழுத்துடைய அட்டைகள் ஆண்டுதோறும் விலக்கப்படுகின்றன. மேஜிக்கின் ‘ஸ்டாண்டர்ட்’ பிரிவில் இரண்டு ஆண்டாக இருந்த இந்த ஆயுள் 2023ல் மூன்று ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. தடைப் பட்டியல் இன்னொரு அபாயம். 2024 செப்டம்பர் 23ஆம் தேதி கமாண்டர் ஆட்டத்தில் மனா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ் உள்ளிட்ட நான்கு அட்டைகள் தடைசெய்யப்பட்டன. விலையுயர்ந்த அந்த அட்டைகளை வைத்திருந்தவர்கள் அவற்றின் மதிப்பு மளமளவெனச் சரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

உறை, பெட்டி, விரிப்பு, போட்டிக் கட்டணம் போன்றவை சிறு செலவுகள்தாம்; ஆனாலும் கூடிக்கொண்டே போகும். உறை வாங்கும்போது அளவைப் பார்க்க வேண்டும். போக்கிமான், மேஜிக் அட்டைகள் 63க்கு 88 மில்லிமீட்டர், யூ-கி-ஓ! அட்டைகள் சற்றுச் சிறியவை. வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் அஞ்சல் செலவுடன் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 முதல் இவ்வரி உண்டு.

“இது செலவல்ல, முதலீடு” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க யூடியூப் பிரபலம் லோகன் பால் ‘பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்’ அட்டையை 2021ல் 52.75 லட்சம் டாலர் மதிப்பில் வாங்கியதை அவர்கள் உதாரணம் காட்டுவார்கள். ஆனால், அது 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஓவியப் போட்டி வெற்றியாளர்களுக்குப் பரிசாகத் தரப்பட்ட அட்டை. உலகிலேயே சில பத்து அட்டைகள்தாம் உள்ளன. இன்றைய போக்கிமான் அட்டைகளோ 2024 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் மட்டும் 1,100 கோடிக்கு மேல் அச்சாயின. விற்கப்போகும்போது கடைக்காரர் சந்தை விலையில் ஒரு பகுதியைத்தான் தருவார்; அவருக்கும் லாபம் வேண்டும். இணையத்தில் முன்பணம் கேட்டு மறையும் விற்பனையாளர்கள், போலி அட்டைகள், மீண்டும் ஒட்டப்பட்ட பொட்டலங்கள் ஆகியவற்றிடமும் எச்சரிக்கை தேவை. மோசடியோ எனச் சந்தேகம் எழுந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒரு காசும் செலவழிக்காமல் ஆட விரும்புவோருக்கும் வழி இருக்கிறது. மேஜிக்கின் ‘அரீனா’, யூ-கி-ஓ!வின் ‘மாஸ்டர் டுவெல்’, போக்கிமானின் ‘டிசிஜி லைவ்’ ஆகிய செயலிகளை இலவசமாகப் பதிவிறக்கலாம். அதிலும் முதலிரண்டில் செயலிக்குள் பணம் கட்டி வாங்கத் தூண்டும் கடை உண்டு என்பதால் பிள்ளையின் கைப்பேசியில் கட்டண வசதியைப் பூட்டிவைப்பது உத்தமம். போக்கிமான் பொட்டலத்துக்குள் கிடக்கும் குறியீட்டு அட்டையை ‘லைவ்’ செயலியில் பதிந்தால் மின்னிலக்க அட்டைகள் கிடைக்கும். பொட்டலத்தைப் பிரிக்கும் அவசரத்தில் பலரும் முதலில் குப்பையில் போடுவது அதைத்தான்.