பட்டு என்னும் பெயர்

பெரணமல்லூர்க்காரர்களுக்குப் பட்டு புதிதன்று. ஆரணிப் பட்டு நெய்யும் தறியோசை இப்பகுதிக்குப் பழகிய ஒலி. அத்தகைய ஊரிலிருந்துகொண்டே நாம் ஏமாந்தோம். இணையக் கடையொன்றில் ‘ஆர்ட் சில்க்’ என்றிருந்ததை நம்பித் தரைவிரிப்பு ஒன்றை வாங்கினோம். பக்கத்து வீட்டு நெசவாளப் பெரியவர் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தினார். “பட்டுன்னா முடி கருகுற வாசன வரணும் சார். இது காகிதமாட்டம் எரியுது” என்றார்.

கடைக்காரர் பொய் சொன்னாரா? ‘ஆர்ட்’ என்பதைக் ‘கலை’ எனப் படித்தவர் நாமே. அது ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்பதன் குறுக்கம். இந்த இரவல் பெயருக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. 1889ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஷார்டோனே என்னும் பிரெஞ்சுக்காரர் செல்லுலோஸிலிருந்து தாம் உருவாக்கிய செயற்கைப் பட்டைக் காட்சிக்கு வைத்தார். பின்னர் மரக்கூழிலிருந்து விஸ்கோஸ் வந்தது. 1924இல் அமெரிக்கத் தொழில்துறையினர் இத்தகைய இழைக்கு ‘ரேயான்’ என்ற தனிப்பெயரை ஏற்றனர். ஆயினும் பழைய பெயர் மறையவில்லை. ‘மூங்கில் பட்டு’ போன்ற புதுப்பெயர்களும் சேர்ந்துகொண்டன. மூங்கில் துணி என்று விற்கப்பட்டவை உண்மையில் ரேயானே எனக் கூறி அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2009இல் நடவடிக்கை எடுத்தது.

செயற்கை இழை தன்னளவில் குற்றமன்று. நம் பவானி ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்வோம். முரட்டுப் பருத்தி நூலில் வண்ணப் பட்டைகளோடு நெய்வது ஒருவகை. மென்மையான செயற்கைப் பட்டிழையில் கரை வேலைப்பாட்டோடு நெய்வது மற்றொரு வகை. இரண்டும் பவானியின் கைவண்ணமே. அங்கே பொய்ப்பது இழையன்று, தறியும் ஊருமே. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டது. பின்னர்ப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறி விரிப்புகள் அப்பெயரில் சந்தைக்கு வருகின்றன.

எனவே விரிப்பு வாங்குவோர் மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும்: இழை எது, தறி எது, ஊர் எது? ஒன்றுக்குச் சொன்ன உண்மை மற்ற இரண்டையும் மறைத்துவிடக்கூடும். ‘பவானி வகை’ என்பது பவானி அன்று. ‘பட்டுப் போன்ற’ என்பது பட்டன்று. பட்டென்றால் மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004இல் வந்த சில்க் மார்க் முத்திரையையும், கைத்தறியென்றால் 2006இல் வந்த கைத்தறி முத்திரையையும் கேட்கலாம். ரேயான் நனைந்தால் வலுவிழக்கும் என்பதால், துவைக்கும் முறையையும் கேட்டறிவது நலம்.

நாம் இழந்தது சிறு தொகைதான். அந்த இழையைக் கொளுத்திக் காட்டியவரோ தம் ஆயுளையே பட்டுத் தறியில் கழித்தவர். பெயர் மலிந்தால் முதலில் மலிவது அவருடைய கூலியன்றோ?